கோட்டு போட்ட பேராண்டிக்கு

ஏல, அந்தக் கோட்டு யாருதுடே?

நல்லாத்தான் இருக்கு. இல்லேன்னு சொல்லல. கரிசக்காட்டுல பொறந்த பய, சித்திரை வெயில்ல கழுத்துல டையைக் கட்டி, கையை மடிச்சு, ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்க. பின்னால கண்ணாடிக் கட்டடம் பளபளங்குது. அது எந்த ஊருல இருக்கு? உனக்கும் தெரியாது, படம் பிடிச்சவனுக்கும் தெரியாது. ஸ்டுடியோக் கோட்டுதானே? பொண்ணு வீட்டுக்கு அனுப்புத போட்டோவுக்கும் அதே கோட்டு, கம்பெனிக்கு அனுப்புத போட்டோவுக்கும் அதே கோட்டு. தோள்பட்டை ரெண்டு விரக்கடை கீழ தொங்குது பாரு. அளவெடுத்தது வேற எவனுக்கோ.

போட்டோ கெடக்கட்டும். வேலை தேடுத அந்த லிங்க்ட்இன்ல உன் பேருக்குக் கீழ இங்கிலீசுல என்னமோ எழுதிருக்கியே, அதைப் பேத்திகிட்ட தமிழ்ல சொல்லச் சொன்னேன். “தொலைநோக்குச் சிந்தனையாளர். மாற்றத்தின் முன்னோடி. கதைசொல்லி. தரவுகளின் காதலன்.” அப்பிடியா? நேத்து ரேசன் கடைக்குப் போயி பாமாயில் வாங்கிட்டு வாடான்னு அனுப்புனா, கார்டை வீட்டுல வச்சிட்டுப் போயி வரிசையில நின்ன. நீ தொலைநோக்குச் சிந்தனையாளரா? காதலன்னு வேற போட்டிருக்க. உங்கம்மா பாத்தா என்னன்னு நினைப்பா?

அந்த ஒரு வரிக்கு 220 எழுத்து வரைக்கும் எடம் குடுத்திருக்கானாம். “பி.இ. மெக்கானிக்கல். ஆட்டோகேட் தெரியும். சி.என்.சி. மெஷின் ஓட்டிப் பழகியிருக்கேன். ஒரகடம், ஓசூர் எங்கயும் வருவேன்.” இதை எழுதினாக்கூட எடம் மிச்சம் கெடக்கும். ஏன் எழுதல? எழுதினா சாதாரணமா இருக்கும்னு வெக்கம். மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கியா நீ? வாங்க வாரவன் மொதல்ல பல்லைப் பாப்பான். சுழியைப் பாப்பான். நாலு எட்டு நடக்கவிட்டுப் பாப்பான். பொறவுதான் தரகன் துண்டைப் போட்டு, உள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுவான். நீ என்ன பண்ணிருக்க? கொம்புக்கு நாலு கலர்ல பெயிண்ட் அடிச்சு, நெத்தியில சலங்கை கட்டி நிறுத்திட்டு, வாயைத் திறக்க மாட்டேங்க. வாங்க வந்தவன் பெயிண்டையா ஏர்ல பூட்டப்போறான்?

கெழவனுக்கு என்ன தெரியும்னு சிரிக்காத. இந்த லிங்க்ட்இன் கதையெல்லாம் கேட்டு வச்சிருக்கேன். 2003 மே மாசம் அமெரிக்காவுல தொடங்கினது. ரீட் ஹாஃப்மன்னு ஒருத்தரும் அவரு கூட்டாளிகளும். 2016-ல மைக்ரோசாஃப்ட்காரன் 2,620 கோடி டாலருக்குப் பேசி வாங்கிட்டான். டாலர்டே, ரூவா இல்ல. 2023-ல உலகம் பூரா 100 கோடிப் பேரு சேந்தாச்சுன்னு அவனே சொல்லிட்டான். அதுல நம்ம தேசத்துக்காரன் மட்டும் 10 கோடிக்கு மேல. அத்தனை பேரு கூடுத எடத்துல, கோட்டு போட்ட பய நீ ஒருத்தன்தானா?

இனி அங்ஙன எழுதுத எழுத்தைப் பாப்போம். ரெண்டு மணி நேரம் வீடியோ பாத்து ஒரு சர்டிபிகேட்டு வாங்கிருப்பான். “பணிவோடும் நன்றியோடும் அறிவிக்கிறேன்”னு ஆரம்பிப்பான். பணிவா இருக்குதவன் எதுக்குடே அறிவிக்கான்? பேசாமல்ல இருப்பான்? இன்னொருத்தன், மாமன் வீட்டுப் பதினாறாம் நாள் விசேசத்துக்குப் போயிட்டு வந்து, “இந்த நிகழ்வு எனக்குக் கற்றுத்தந்த ஏழு தலைமைப் பாடங்கள்”னு எழுதிருக்கான். பந்தியில எல போட்டவன்கிட்ட ஒரு பாடம், சாம்பார் வாளி தூக்கினவன்கிட்ட ஒரு பாடம். எழவு வீட்டுக்குப் போயி ஏழு பாடம் படிச்சிருக்கான். அழுதானா இல்லையான்னு மட்டும் எழுதல. நான் போய்ச் சேந்தா நீ எத்தனை பாடம் எழுதுவியோ. முன்கூட்டியே சொல்லிரு, எனக்கும் தெரிஞ்சுக்கிடணும்.

இப்ப அதைக்கூட இவனுக கையால எழுதுததில்லையாம். மெஷின் எழுதிக் குடுக்குதாம். கீழ வந்து “ஆழமான சிந்தனை”ன்னு பாராட்டுததும் பாதி மெஷினாம். ரெண்டு மெஷினும் நல்லாப் பேசிக்கிடட்டும். நீ எதுக்கு நடுவுல கண்ணு முழிச்சுக்கிட்டு இருக்க?

சி.எஃப்.பி.ஆர்.னு நாலெழுத்து போடுதாகளே, அது என்னதுன்னு பேத்திகிட்ட கேட்டேன். ஆசுபத்திரிப் பரிசோதனைச் சீட்டோன்னு நினைச்சுட்டேன். யாரோ ஒருத்தர் வேலை போச்சுன்னு எழுதுதாரு. அதுக்குக் கீழ எழுநூறு பேரு இந்த நாலெழுத்தைப் போடுதான். “நிறையப் பேருக்குப் போய்ச் சேரட்டும்னு கமெண்ட் போடுதேன்”னு அர்த்தமாம். எழுநூறு பேருல ஒருத்தன், “எங்க கம்பெனியில ஒரு எடம் இருக்கு, விவரத்தை அனுப்புங்க”ன்னு சொன்னானா? சொல்லல. அது போக, வேலை இருக்குன்னு எவனாவது போட்டா, கீழ “இன்ட்ரஸ்டட் சார், இன்ட்ரஸ்டட் சார்”னு ஒரு வரிசை. ஆசை இருக்குன்னு சொன்னா வேலை குடுப்பானா? ஆசை இல்லாதவன் யாரு இருக்கா?

எண்டார்ஸ்மென்ட்டுன்னு இன்னொண்ணு. 2012-லயே கொண்டாந்துட்டான். நமக்கு இன்னது தெரியும்னு அடுத்தவன் சாட்சி சொல்லுதது. உனக்குத் “தலைமைப் பண்பு” இருக்குன்னு பதினாலு பேரு சாட்சி சொல்லிருக்கான். அதுல மூணு பேரு உங்க சித்தி மக்க, நாலு பேரு உன் கூடக் கிரிக்கெட் ஆடுதவன். அவனுகளுக்கு நீ சாட்சி, உனக்கு அவனுக சாட்சி. கோர்ட்டுல இப்பிடிச் செஞ்சா ஜட்ஜு விடுவாரா?

இதெல்லாம் புதுசுன்னு நினைக்காத. எங்க காலத்துல வேலைவாய்ப்பு அலுவலகம் இருந்துச்சு. இப்பவும் இருக்கு. எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட்டு வந்ததும் திருநெல்வேலிக்கு பஸ் ஏறிப் போயி, வரிசையில நின்னு, பேரைப் பதிஞ்சு அட்டை வாங்கிட்டு வருவோம். அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால சொருகி வச்சுட்டா, வேலை வந்து கதவைத் தட்டும்னு நினைப்பு. மூணு வருசத்துக்கு ஒருக்கப் புதுப்பிக்கணும். புதுப்பிச்சுப் புதுப்பிச்சே கல்யாணம் பண்ணி, பிள்ளை பெத்து, அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போயி பதிஞ்சவன் நம்ம தெருவுலயே உண்டு. 1959-ல போட்ட சட்டம் ஒண்ணு இருந்துச்சு. காலியிடம் வந்தா அலுவலகத்துக்குத் தெரியப்படுத்தணும்னுதான் அதுல இருந்துச்சே தவிர, அங்ஙன பதிஞ்சவனைத்தான் எடுக்கணும்னு இல்ல. நாங்க அதை வாசிச்சோமா? அட்டையை வாசிச்சோம்.

நீயும் இன்னைக்கு அதைத்தான் பண்ணுத. அட்டை போயி ஆப்பு வந்திருக்கு. “ஈஸி அப்ளை”ன்னு ஒரு பட்டன். படுத்துக்கிட்டே அமுக்கலாம். ஒரு ராத்திரியில நாப்பது கம்பெனிக்கு அமுக்கிட்டு, “இன்னைக்கு நல்ல வேலை பாத்தேன்”னு தூங்குத. பக்கத்துலயே “100 பேருக்கு மேல் விண்ணப்பிச்சாச்சு”ன்னு அவன் எழுதிக் காட்டுதான், அதைப் பாக்க மாட்டேங்க. உனக்கு ஈஸின்னா அடுத்தவனுக்கு மட்டும் கஷ்டமாவா இருக்கும்? ஒரு அமுக்குல வந்த சீட்டை அவன் ஒரு அமுக்குல தள்ளிருவான். கனெக்‌ஷன் ஐந்நூறைத் தாண்டிருச்சுன்னு போன வாரம் துள்ளுன. ஐந்நூறைத் தாண்டிட்டா அதுக்கு மேல எவ்வளவுன்னுகூட அவன் வெளிய காட்டுததில்ல. அதுல எத்தனை பேரு மூஞ்சி உனக்குத் தெரியும்? எத்தனை பேருக்கு உன் மூஞ்சி தெரியும், அதுவும் அந்தக் கோட்டோட?

பொறவு எப்பிடித்தான் தாத்தா வேலை கிடைக்கும்னு கேக்குத. அப்பிடிக் கேளு, சொல்லுதேன்.

எனக்கு மில்லுல கணக்கெழுதுத வேலை யாரால கிடைச்சுது? மாமனாலயா? மாமன் எனக்காக அலையாத எடமில்ல. ஆனா அவருக்குத் தெரிஞ்ச நாலு பேரும் எங்கப்பனுக்கும் தெரிஞ்ச அதே நாலு பேரு. ஒருத்தருக்கொருத்தர் “பையனுக்கு ஏதாவது பாருங்க”ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. கடைசியில சொன்னவரு ஒரு பஸ் கண்டக்டர். பேருகூடத் தெரியாது. சந்தைக்குப் போகும்போது பாத்த பழக்கம். சில்லறை குடுக்கும்போது, “தம்பி, அந்த மில்லுல கணக்கெழுதுத ஐயா கண்ணு ஆபரேசனுக்குப் போறாராம், ஆள் தேடுதாக, நாளைக்கு வெள்ளனே போயி மேனேஜரைப் பாரு”ன்னாரு. போனேன். வேலை.

இதையே அமெரிக்காவுல ஒரு பெரிய வாத்தியார் ஆராய்ச்சி பண்ணி எழுதிருக்காருன்னு பேத்தி சொன்னதும் எனக்குத் தலைகால் புரியல. மார்க் கிரானோவெட்டர்னு பேரு. பாஸ்டன் பக்கத்துல நியூட்டன்னு ஒரு ஊரு. அங்ஙன புதுசா வேலைக்குச் சேந்த படிச்ச ஆளுகளைப் பிடிச்சு விசாரிச்சிருக்காரு. ஆள் மூலமா வேலை கிடைச்சவனைக் கூப்பிட்டு, “அந்த ஆளை நீ எத்தனை நாளைக்கு ஒருக்கப் பாப்பே?”ன்னு கேட்டிருக்காரு. அடிக்கடி பாக்குதவன் மூலமா வேலை கிடைச்சது 100-க்கு 17 பேருக்குக்கூட இல்ல. எப்பவாவது பாக்குதவன் மூலமா 55 பேருக்கு மேல. ரொம்ப அபூர்வமாப் பாக்குதவன் மூலமா 27 பேருக்கு மேல. 1973-ல கட்டுரை எழுதினாரு, அடுத்த வருசம் புத்தகமே போட்டுட்டாரு. கண்டக்டர் சங்கதிதான். நெருங்கின ஆளுக்குத் தெரிஞ்சது உனக்கும் தெரியும். அரைகுறையாத் தெரிஞ்சவன்தான் வேற ஊருத் தகவலைக் கொண்டாருவான்.

லிங்க்ட்இன்காரனும் இதைச் சும்மா விடல. “இவரை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம்”னு ஆளைக் காட்டுதானே, அதை அஞ்சு வருசமா ஆளுக்கு ஆளு மாத்தி மாத்திக் காட்டிருக்கான். ரெண்டு கோடிப் பேரு. யாருக்கு எப்பிடி வேலை கிடைச்சுதுன்னு எடுத்த கணக்கு 2022-ல ‘சயின்ஸ்’ங்கிற பத்திரிகையில வெளியாச்சு. ரொம்ப நெருக்கமும் இல்லாம, அடியோட அந்நியமும் இல்லாம, நடுவாந்தரமாத் தெரிஞ்சவனாலதான் வேலை மாத்தம் அதிகம் நடந்திருக்கு. உன்னையே வச்சுச் சோதனை பண்ணி, உனக்கே பாடம் சொல்லிருக்கான். நீ எழவு வீட்டுப் பாடத்தை வாசிச்சுக்கிட்டு இருக்க.

அமெரிக்கா வரைக்கும் எதுக்குப் போகணும்? பள்ளிக்கூடத்துல பத்துப்பாட்டுன்னு தமிழ் ஐயா நடத்துனாரே, அப்ப கொட்டாவி விட்டியா? பத்துல அஞ்சு ஆற்றுப்படைடே. அதுல ஒண்ணு முருகன்கிட்ட அனுப்புது, அதை விடு. மத்த நாலும் வயித்துப்பாடு. பரிசு வாங்கிட்டு வாரவன், காஞ்ச வயித்தோட எதுக்க வாரவனைப் பாக்கான். மச்சானா, பங்காளியா? வழியில பாத்த ஆளு. தொழில் ஒண்ணுங்கிறதைத் தவிர வேற உறவு கிடையாது. அவன்கிட்ட “இன்ன எடத்துக்குப் போ, இன்னாரு குடுப்பாரு”ன்னு சொல்லுதான். கரிகாலன்கிட்ட, நன்னன்கிட்ட, தொண்டைமான் இளந்திரையன்கிட்டன்னு ஆளு ஆளுக்கு ஒரு பாட்டு. சிறுபாணாற்றுப்படையில நல்லியக்கோடன்கிட்ட அனுப்புதான் பாரு, வழி சொல்லுத அழகே அழகு. எயிற்பட்டினம் போனா சுட்ட மீனு கிடைக்கும், வேலூர்ல புளி போட்ட சோறு, ஆமூர்ல நண்டு. அதைத் தாண்டினா ராசா ஊரு. அவரு எப்பிடிப்பட்டவரு, எப்பிடி வரவேற்பாரு, அதுவும் சொல்லுதான்.

ஒண்ணைக் கவனிச்சியா? “நீ திரும்பிப் போயி எனக்காக ராசாகிட்ட பேசு”ன்னு எவனும் கேக்கல. வழியைக் கேட்டுக்கிட்டான், நடந்தான், பாடினான். பாட்டு இவன் பாட்டு.

நீ என்ன எழுதுத? “ஹாய்.” அவ்வளவுதான். மறுநாள் “ஹலோ சார்.” மூணாம் நாள் “ஏதாவது வேலை இருந்தாச் சொல்லுங்க.” முகந்தெரியாத மனுசன் காலையில போனைத் திறந்ததும் அவரு தலையில மூட்டையை எறக்குத. அவரு என்னன்னு பதில் சொல்லுவாரு? நீ என்ன படிச்ச, எதுக்கு லாயக்கு, எந்த ஊருக்கு வருவே, ஒண்ணும் தெரியாது. அவரே தேடி, அவரே யோசிச்சு, அவரே உன் கையில கொண்டாந்து குடுக்கணும். நீ என்ன அவரு மருமகனா?

இப்பிடி எழுதிப் பாரு. “அண்ணே, வணக்கம். நீங்க படிச்ச காலேஜ்லதான் நானும் மெக்கானிக்கல், உங்களுக்கு மூணு வருசம் இளையவன். உங்க கம்பெனியில ஒரகடத்துல குவாலிட்டி இன்ஜினியர் வேலைக்கு ஆள் கேட்டிருக்காக. மொத ஆறு மாசம் அந்த வேலையில என்ன செய்யச் சொல்லுவாக, இன்டர்வியூவுல எதைக் கேப்பாகன்னு தெரிஞ்சுக்கிடணும். பத்து நிமிசம் எப்பப் பேசலாம்?” இதுல கோட்டு இருக்கா, டை இருக்கா? கேட்டவன் மூளை இருக்கு. பத்துப் பேருக்கு எழுதினா ஏழு பேரு பதில் போட மாட்டான். போடட்டும், போடாம இருக்கட்டும். அவுகளுக்கும் வீடு வாசல் இருக்கு. ஒரு வாரம் கழிச்சு ஒரு தடவை ஞாபகப்படுத்து. அதுக்கு மேல அரிக்காத.

பேசினவரு மனசுல நீ நின்னுட்டா, “உன் ரெஸ்யூமே அனுப்புப்பா, உள்ள குடுத்துப் பாக்கேன்”னு அவரே சொல்லுவாரு. அதுக்குப் பேருதான் ரெஃபரலாம். பல கம்பெனியில, ஆள் காட்டிவிட்டு அந்த ஆளு சேந்துட்டா, காட்டினவருக்குப் பணம் குடுக்காக. தெரியுமா உனக்கு? நீ என்னமோ பிச்சை கேக்குத மாதிரி கூசிக்கிட்டு நிக்க. அதுக்காக “உங்களுக்கும் காசு கிடைக்குமே சார்”னு அவரு மூஞ்சிக்கு நேராச் சொல்லித் தொலைச்சிராத. செய்யக்கூடிய ஆளுடே நீ.

இந்த எந்திரத்தைப் பூராத் திட்டவும் எனக்கு மனசு வரல. எங்க காலத்துல சிபாரிசுன்னா என்ன? சாதிக்காரன், சொந்தக்காரன், ஊர்ப் பெரியதனம். மில்லு வாசல்ல “நீ யாரு மகன்?”னுதான் மொதக் கேள்வி. பதில் சரியா இருந்தவனுக்குக் கதவு திறந்துச்சு. எத்தனையோ கெட்டிக்காரப் பயலுக வாசல்லயே நின்னு திரும்பினதை இந்தக் கண்ணால பாத்திருக்கேன். இப்ப விளாத்திகுளம் பக்கம் ஒரு கூலிக்காரன் மக, அவ வீட்டுல மொதப் பட்டதாரி, பெங்களூர்ல இருக்குத மேனேஜருக்கு நேரா எழுத முடியுது. “யாரு மக?”ன்னு கேக்காம அவரும் பதில் எழுதிருதாரு, சில பேராவது. பணக்கார வீட்டுப் பயலுக்குப் பொறந்த அன்னைக்கே ஐந்நூறு கனெக்‌ஷன் இருக்கு, அது வேற. மதில் விழல. ஏறிப் பாக்குத உசரத்துக்கு வந்திருக்கு. அதுல ஏறாம, மதில் மேல படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தா எப்பிடி?

அந்தப் பச்சை வளையத்தைப் போட்டோவைச் சுத்திப் போடலாமான்னு கேட்ட. 2020-ல, கொரோனாக் காலத்துல வந்தது அது. வேலை தேடுதேன்னு ஊருக்குச் சொல்லுதது. தாராளமாப் போடு. வேலை இல்லேங்கிறதுல என்ன வெக்கம்? ஆனா ஒண்ணு, அந்தப் பச்சை கம்பெனிக்காரன் கண்ணுக்கும் தெரியும், களவாணிப்பய கண்ணுக்கும் தெரியும். உடனே வருவான். “உங்க புரொஃபைல் எங்களை ரொம்பக் கவர்ந்தது. வாட்ஸ்அப்புக்கு வாங்க.” இன்டர்வியூ கிடையாது. நேரா ஆர்டர். அப்புறம் பயிற்சிக்கு ரெண்டாயிரம், லேப்டாப்புக்கு ஐயாயிரம், திருப்பித் தந்துருவோம்பான். வேலை குடுக்குதவன் சம்பளம் குடுப்பானா, வாங்குவானா? இந்தக் கணக்குக்கு பி.இ. வேணுமா?

பாங்காக்குல டேட்டா என்ட்ரி, லட்ச ரூவா சம்பளம்னு வந்தா இன்னும் உசாரா இரு. அப்பிடி நம்பிப் போன பிள்ளைகளை எல்லை தாண்டி மியான்மர்ல மியாவாடிக்குக் கொண்டுபோயி அடைச்சு வச்சு, இணையத்துல ஊரை ஏமாத்துத வேலை பாக்கச் சொல்லி அடிச்சிருக்கான். 2022-ல நம்ம தமிழ்நாட்டுப் பயலுகளை அங்ஙன இருந்து மீட்டுக் கொண்டாந்தாக. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புத ஏஜென்ட்டு மத்திய அரசுகிட்டப் பதிஞ்சிருக்கணும். அவன் உன்கிட்ட வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூவா, அதுக்கு ஜி.எஸ்.டி. அதுக்கு மேல கேட்டா அவன் ஏஜென்ட்டு இல்ல. வெளிநாட்டு வேலைக்குன்னே 1978-ல இருந்து நம்ம மாநில அரசு ஒரு நிறுவனம் நடத்துது, அங்ஙன போயி விசாரி. பணம் பறிகொடுத்துட்டா மானம் போயிருச்சேன்னு மூலையில உக்காராம, அந்த நிமிசமே 1930-க்குப் போனைப் போடு. நேரம் போகப் போக காசு கைமாறிப் போயிக்கிட்டே இருக்கும்.

சரி, பேசிப் பேசித் தொண்டை காஞ்சு போச்சு. உங்க ஆச்சிகிட்ட ஒரு செம்பு மோர் வாங்கிட்டு வா. வந்து உக்காந்து, மொதல்ல அந்தத் தொலைநோக்கை அழி. அழிச்சுட்டு, தெரிஞ்ச வேலையை எழுது. கோட்டைக் கழத்திட்டு, போன பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையில ஒரு போட்டோ எடு, நல்லா வெளிச்சத்துல, சிரிச்ச முகமா. பொறவு காலேஜ்ல உனக்கு ரெண்டு மூணு வருசம் மூத்தவனுக யாரு யாரு எங்கெங்க இருக்கான்னு தேடிப் பாத்து, அதுல ஒருத்தனுக்கு இன்னைக்கே நாலு வரி எழுது. அனுப்புததுக்கு முன்னால என்கிட்டக் காட்டு. அவன் பேரைத் தப்பா எழுதிருப்பே, எனக்குத் தெரியும்.